ஐம்பது மீட்டர் காற்று

அந்தச் சங்கத்தில் இருந்த பதினான்கு பேரும் அறுநூறு மீட்டர் தூரத்துக்குத் துப்பாக்கி சுடுகிறவர்கள். அப்படித்தான் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். ஒருவர்கூட அறுநூறு மீட்டரைக் கண்ணால் கண்டது கிடையாது. அவர்களிடம் இருந்ததெல்லாம் மூடிப்போன ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு அடியில் நீளமாக ஓடிய ஒரு நிலவறை. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஐம்பது மீட்டர். அதற்கு மேல் ஓர் அடி கேட்டாலும் சுவர்தான் கிடைக்கும்.

ஐம்பதுக்குள் அறுநூறை எப்படி அடைப்பது என்ற கேள்விக்குச் செயலாளர் ஆறு வருடத்துக்கு முன்பே விடை கண்டுவிட்டார். அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். எதையும் சின்னதாக்கித் தந்துவிடலாம் என்பது அவருடைய வாழ்நாள் நம்பிக்கை. விதிப் புத்தகத்தில் இருந்த அறுநூறு மீட்டர் இலக்கின் அளவுகளையெல்லாம் பன்னிரண்டால் வகுத்தார், காம்பஸை வைத்து ஒரு வட்டம் போட்டார், தாளுக்கு இருபது வட்டமாக அடித்துக் கையில் கொடுத்துவிட்டார். வட்டத்துக்கு ஒரு குண்டு, மொத்தம் இருபது குண்டு, இருநூறு மதிப்பெண். ஐம்பது மீட்டரில் அந்தத் தாளை மாட்டிவிட்டுப் பார்த்தால், அறுநூறு மீட்டரில் நிஜ இலக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவேதான் கண்ணுக்குத் தெரியும். அதில் குற்றம் சொல்ல முடியாது. குற்றம் சொல்வதற்கென்றே பிறந்த பல்லுக்காரிகூட ஆறு வருடமாக அதில் குற்றம் சொன்னதில்லை.

பல்லுக்காரி என்பது சங்கத்தில் அவளுக்கு வைத்த பெயர். மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் வாய் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் பட்டறையில் அவளுக்கு வேலை. பத்தில் ஒரு மில்லிமீட்டரைக் காட்டும் காலிப்பர் எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும், மற்றவர்கள் சீப்பு வைத்திருப்பதைப் போல. பல் செட்டு கடிக்கிறது, வாய் மூடவில்லை என்று மருத்துவரிடமிருந்து திரும்பி வந்தால் அதை அச்சில் உட்காரவைத்துப் பார்ப்பாள். "செட்டு சரியாத்தான் இருக்கு. வாய்தான் கோணல்" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவாள். பாதி நேரம் அவள் சொன்னது உண்மை. மீதி நேரத்தை யாரும் அளந்து பார்த்ததில்லை.

சங்கத்து மனிதர்கள்மேல் அவளுக்கு மரியாதை மருந்துக்கும் கிடையாது. ஒருவர் இலை தழை அச்சடித்த உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் சுடுவார்; நிலவறையில் யார் கண்ணுக்குப் பயந்து ஒளிகிறாரோ தெரியாது. இன்னொருவர் சுடும் முன் மூச்சைப் பிடித்துப் பிடித்து முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்த பிறகுதான் விசையைத் தொடுவார். எல்லாருக்கும் மேலே, அவள் வயிற்றெரிச்சலைத் தினம் கொட்டிக்கொள்ள என்றே வந்து சேர்ந்தவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர்.

அத்தானுக்கு மெத்தைக் கடை. கடையில் ஆள் வராத நேரத்தில் மாதிரி மெத்தையில் படுத்துப் படுத்து அவருக்குத் தொப்பை விழுந்துவிட்டது. "வீட்லயும் படுக்கறாரு, கடையிலயும் படுக்கறாரு. எங்கயாவது கூட்டிட்டுப் போடி" என்று அக்கா கெஞ்சியதால் பல்லுக்காரிதான் அவரைச் சங்கத்தில் சேர்த்துவிட்டாள். வந்த முதல் நாளே அவருக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போய்விட்டது. காரணம் எளிது. இதையும் படுத்துக்கொண்டேதான் ஆட வேண்டும். மறுநாள் கடையிலிருந்து நல்ல தடிமனாக ஒரு பஞ்சு மெத்தையை வெட்டி எடுத்துவந்து தனக்கென்று போட்டுக்கொண்டார். அவளுக்கும் ஒன்று கொண்டுவந்தார். அவள் அதைத் துப்பாக்கிப் பெட்டிகளுக்கு அடியில் போட்டுவைத்தாள்.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்த மாதிரி மின்விசிறி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செயலாளர் ஒரு ஸ்டாண்ட் ஃபேனைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். நிலவறையின் நடுவில், இருபத்தைந்தாவது மீட்டரில், இடது சுவரோரம் நிறுத்தி, ஓடவிட்டார்.

"தூரத்துல சுடறவனுக்குக் காத்துதான் எதிரி. குண்டு போற வழியில தள்ளிவிட்டுடும். நம்மகிட்ட காத்து இல்ல. அதனால கொண்டு வந்துட்டேன்" என்றார்.

ஆட்கள் கைதட்டினார்கள். பல்லுக்காரிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "குண்டுக்கு வேர்க்குதா என்ன, விசிறி விடறீங்க" என்று கேட்டாள். ஐம்பது மீட்டரில் குண்டு கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும், மேசை அகலத்துக்கு அடிக்கும் காற்று அதை ஒன்றும் செய்யாது என்று புத்தகத்தைக் காட்டிச் சொன்னாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அத்தான் மட்டும் அன்றிலிருந்து இலக்குக்குக் கொஞ்சம் இடதுபக்கமாகக் குறிவைக்கத் தொடங்கினார். கேட்டால், "காத்துக்கு விட்டுக் குடுக்கறேன் பாப்பா" என்பார். சில நாள் விட்டுக்கொடுப்பார், சில நாள் மறந்துவிடுவார். அவருடைய தாளில் ஓட்டைகள் அம்மை போட்ட மாதிரி விழுந்திருக்கும்.

அப்படிப்பட்ட சங்கத்துக்குத்தான் அந்தக் கடிதம் வந்தது. வெளியூரில் திறந்த மைதானத்தில் நிஜமான அறுநூறு மீட்டர் போட்டி. பெரிய துப்பாக்கி அங்கேயே தருவார்கள். ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஒரே ஓர் ஆள் வரலாம்.

அவளுக்கு அந்த இடம் வேண்டும். வேறு எதையும் அவள் இந்த அளவுக்கு ஆசைப்பட்டதில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டாள். சொன்னால் சிரிப்பார்கள், பிறர் சொன்னால் அவளே சிரித்திருப்பாள். அறுநூறு மீட்டரில் குண்டு போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நொடி ஆகும் என்று அவள் படித்திருந்தாள். நிலவறையில் விசையை அழுத்துவதும் தாளில் ஓட்டை விழுவதும் ஒன்றாகவே நடந்துவிடும், நடுவில் ஒன்றும் இருக்காது. அந்த ஒரு நொடி எப்படி இருக்கும்? தான் செய்ததைத் திருத்தவும் முடியாமல், முடிந்துபோனது என்று சொல்லவும் முடியாமல், வெட்டவெளியில் படுத்துக் காத்திருக்கும் அந்த ஒரு நொடிக்காகத்தான் அவள் ஆறு வருடமாக அந்தப் புழுக்கத்தில், அந்த மூஞ்சிகளைச் சகித்துக்கொண்டு கிடந்தாள்.

ஆள் தேர்வுக்குச் செயலாளர் ஒரு ஞாயிறு குறித்தார். இருபது குண்டு, ஒரே தாள், அதிகம் எடுத்தவர் போகலாம். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பல்லுக்காரி நூற்றுத் தொண்ணூற்றேழு. அடுத்து வந்தவர் அத்தான், நூற்று எண்பத்தெட்டு. அவர் எப்படி இரண்டாவதாக வந்தார் என்பது அவருக்கே தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாரும் நூற்றெழுபதைத் தாண்டவில்லை என்பதுதான் காரணம். செயலாளர் தாள்களை உறையில் போட்டுக் கையெழுத்திட்டு அலமாரியில் பூட்டினார். விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உண்மையிலேயே முடிந்திருக்கும்.

அன்று மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. அத்தான் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் போன வாரத்துப் பயிற்சித் தாளை ஒட்டிவைத்திருந்தார், பள்ளிக்கூடப் பிள்ளையின் ஓவியத்தை ஒட்டுவது மாதிரி.

"ஒம்பது மார்க்குதானே வித்தியாசம்" என்று அக்கா பேச்சை எடுத்தாள். "இவரு வயசுல பெரியவரு. இந்தத் தடவை இவரு போயிட்டு வரட்டுமே. நீ அடுத்த தடவை போயிக்கோ."

"சும்மா இரு" என்றார் அத்தான். "அவ ஜெயிச்சா, அவதான் போகணும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கண்ணை மேலே செருகிக்கொண்டு சொன்னார்: "ஆனா ஒண்ணு. அறுநூறு மீட்டர்ல நூத்தி எண்பத்தெட்டுங்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. நெனச்சுப் பாத்தா எனக்கே உடம்பு சிலிர்க்குது."

அவள் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"நீங்க அறுநூறு மீட்டர்ல சுடல அத்தான். அம்பது மீட்டர்ல சுட்டீங்க."

"கணக்குப்படி அறுநூறுதானே பாப்பா."

எந்தக் கணக்குப்படி என்று கேட்டுக்கொண்டே எழுந்தாள். கையைக் கழுவினாள். கைப்பையிலிருந்து காலிப்பரை எடுத்துப்போய்க் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருந்த தாளை அளக்க ஆரம்பித்தாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த நூற்று எண்பத்தெட்டைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வட்டத்தை அளந்தாள், சரியாக இருந்தது. கோட்டை அளந்தாள், சரியாக இருந்தது. பிறகு, ஆறு வருடத்தில் முதல் தடவையாக, ஓட்டையை அளந்தாள். ஐந்தரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட.

காலிப்பரை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இந்தச் சிரிப்பைத் தெரியும்.

"இலக்கைப் பன்னெண்டா சுருக்கியாச்சு. குண்டைச் சுருக்கினாங்களா?"

"குண்டை எப்படிச் சுருக்க முடியும்?" என்றார் அத்தான்.

"முடியாதில்ல? அப்போ இந்த ஓட்டையைப் பன்னெண்டால பெருக்கிப் பாருங்க. கிட்டத்தட்ட உள்ளங்கை அகலம். அறுநூறு மீட்டர்ல உள்ளங்கை அகலத்துக்குக் குண்டு வெச்சுச் சுடறோம் நாம. கோட்டை ஓரமா தொட்டாலே உள்ள கணக்குன்னு வேற விதி. இவ்வளவு பெரிய குண்டு எங்க விழுந்தாலும் ஏதாவது ஒரு கோட்டைத் தொடத்தான் செய்யும். உங்க பத்துல பாதி பத்தே இல்ல. ஒம்பது. உங்க ஒம்பதுல பாதி எட்டு."

அத்தான் தாளை உற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. முகம் வாடியது. "அப்போ எனக்கு எவ்வளவு தேறும்?" என்று கேட்டார்.

"நூத்தி எழுபத்தஞ்சு தேறினா அதிர்ஷ்டம்."

"சாப்பிட்டு முடிச்சிட்டு அளந்து பாரேன்டி" என்றாள் அக்கா.

திங்கட்கிழமை மதியம் பட்டறையில் அனுமதி கேட்டுக்கொண்டு அவள் நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். செயலாளர் யாருக்கோ சான்றிதழ் நகலெடுத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை மூன்று தடவை கேட்டார். நான்காவது தடவை அவர் பன்னிரண்டால் வகுத்த புத்தகத்தையே திறந்து அவர் மூக்குக்குக் கீழே வைத்தாள்.

"சரி, தப்புதான். இனிமே புது விதி போட்டுக்கலாம். முடிஞ்சது முடிஞ்சதுதானே மேடம். நீங்கதான் ஜெயிச்சுட்டீங்க" என்றார்.

"தப்பான கணக்குல ஜெயிச்சது எனக்கு எதுக்கு? பழைய தாளையும் எண்ணணும்."

"ஒம்பது மார்க் வித்தியாசம் போதாதா?"

போதாது. அதுதான் விஷயம். ஒன்பது வித்தியாசத்தில் அத்தான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி நின்றார். அவள் போய் வந்த பிறகும் வாழ்நாள் முழுக்க, "நானும் நூத்தி எண்பத்தெட்டு எடுத்தவன்தான்" என்று உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருப்பார். அவரை அவருடைய இடத்தில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். தனக்கு இருபது, இருபத்தைந்து மதிப்பெண் கீழே.

செயலாளர் தாடையைச் சொறிந்தார். "எண்ணினா எல்லார் தாளையும் எண்ணணும். உங்க தாளையும் சேத்துத்தான்."

"சேத்துத்தான். எனக்கென்ன?"

"எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். அதை அவர் அங்கேயே பதினைந்து நகல் எடுத்தார்.

எண்ணுவதற்கான கருவியை அவளே செய்தாள். பொய்ப்பல்லின் ஈறுக்குப் போடுகிற ரோஜா நிறப் பிளாஸ்டிக்கில், ஓட்டைக்குள் ஆடாமல் உட்காரும்படி ஒரு சின்னக் குச்சி. அதன் தலையில் சரியாக நட்ட நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. ஓட்டையின் ஓரம் எந்தக் கோட்டைத் தொட்டாலும் கவலை இல்லை. அந்தப் புள்ளி எந்த வட்டத்துக்குள் இருக்கிறதோ அதுதான் மதிப்பெண். நான்கு நாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து தேய்த்து மெருகேற்றினாள். அவள் செய்த எந்தப் பல்லுக்கும் அவ்வளவு பாடுபட்டதில்லை. தன் தாளை ஒரு தடவை பார்க்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நூற்றுத் தொண்ணூற்றேழில் பார்க்க என்ன இருக்கிறது.

ஞாயிறு மத்தியானம் நிலவறையில் மேசை போட்டு விளக்கு வைத்தார்கள். இலை தழை உடுப்புக்காரர் உட்பட எல்லாரும் சுற்றி நின்றார்கள். செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைப் பிரித்தார். முதலில் அத்தான் தாள். செயலாளர் குச்சியைச் செருகிச் செருகிச் சொல்ல, அத்தானே பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். பத்து, பத்து, எட்டு, ஒன்பது, பத்து. காத்துக்கு விட்டுக் கொடுத்தவை இடது பக்கம், மறந்தவை நடுவில், பயந்தவை கீழே. விழுந்தவை பெரும்பாலும் விழுந்த இடத்திலேயே நின்றன. நான்கு ஓட்டைகள்தான் ஒரு படி இறங்கின.

"நூத்தி எண்பத்தி நாலு" என்றார் செயலாளர்.

வெறும் நான்குதானா என்று அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அத்தான் நம்ப முடியாமல் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார்.

பிறகு அவள் தாள். செயலாளர் முதல் வட்டத்தில் குச்சியைச் செருகினார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"ஒம்பது" என்றார்.

சரி, ஒன்று. இரண்டாவது வட்டம். ஒன்பது. மூன்றாவதும் ஒன்பது. நான்காவது பத்து. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, எல்லாம் ஒன்பது. அவள் மேசைமேல் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தாள். இருபது வட்டத்திலும் ஓட்டைகள் ஒரே இடத்தில் இருந்தன. அழகாக, அடக்கமாக, ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் பொருந்துகிற மாதிரி. எல்லாம் வலது பக்கம், பெரும்பாலும் பத்தின் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, கோட்டை ஓரமாகத் தொட்டபடி. ரோஜா நிறக் குச்சியின் நடுவில் கறுப்புப் புள்ளி திரும்பத் திரும்பக் கோட்டுக்கு வெளியே இருந்தது, ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர்.

அவள் அதைப் பார்க்காதவள் இல்லை. ஓட்டைகள் கொஞ்சம் வலது பக்கம் போகின்றன என்பது ஆறேழு மாதமாகவே, துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து மாட்டிய நாளிலிருந்தே, அவள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. பத்து விழுகிறபோது குறிபார்க்கும் சைட்டை எதற்குத் திருக வேண்டும்? வட்டத்தைத்தான் செயலாளர் தாளில் கோணலாக அடித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

"நூத்தி எண்பத்தி மூணு" என்றார் செயலாளர். பதினான்கு மதிப்பெண் போயிருந்தது. அத்தானைவிட ஒன்று குறைவு.

மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இலை தழை உடுப்புக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு நகர்ந்து போனார். முகத்தில் சூடு ஏறுவது அவளுக்கே தெரிந்தது. அவமானமாக இருந்தது. அந்தக் குச்சியைப் பிடுங்கி மிதித்து நொறுக்க வேண்டும் போல இருந்தது. அது அவள் செய்த குச்சி, துல்லியமான குச்சி, அதில் ஒரு குறையும் கிடையாது.

பேசியது அத்தான்தான்.

"காத்தா இருக்கும் பாப்பா" என்றார் மெதுவாக. "ஃபேன் இடது பக்கந்தானே இருந்துச்சு. உன் குண்டெல்லாம் வலது பக்கம் தள்ளிட்டுப் போயிருக்கு பாரு. நான் விட்டுக் குடுத்துச் சுட்டேன், நீ நேரா சுட்டுட்ட. அவ்வளவுதான் விஷயம்."

கேலிக்குச் சொல்லவில்லை. அந்த மனிதருக்குக் கேலி செய்யவும் தெரியாது. மனதார நம்பித்தான் சொன்னார்.

செயலாளரின் முகம் பளிச்சென்று ஆனது. "அட, ஆமா. அப்படீன்னா ஃபேன் வேலை செஞ்சிருக்கு." ஒரு தாளை எடுத்தார், பேனாவைத் திறந்தார். "மேடம், ஒண்ணு பண்ணலாம். ஃபேன் காத்துல குண்டு விலகிடுச்சுன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. எதிர்பாராத இடைஞ்சல்னு சொல்லி ரெண்டு பேருக்கும் மறுபடி வாய்ப்புக் குடுத்துடலாம். சார் ஒத்துக்கணும்."

"நான் ஒத்துக்கறேன்" என்றார் அத்தான் உடனே. "அவதான் போகணும்."

பேனா அவள் கைக்கு வந்தது. இரண்டு வரி. சைட்டின் திருகை நான்கைந்து க்ளிக் இடது பக்கம் திருகிவிட்டு மறுபடி சுட்டால் அத்தானால் அவள் பக்கத்தில்கூட வர முடியாது. மைதானம், வெட்டவெளி, அந்த ஒரு நொடி, எல்லாம் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருந்தது. பேனா முனையைத் தாளில் வைத்தும் விட்டாள். 'மின்விசிறியின்' என்று எழுதினாள்.

அப்போது செயலாளர் எழுந்துபோய் மின்விசிறியின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "உன்னைப் பாத்துச் சிரிச்சாங்க" என்றார் அதனிடம்.

அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"அது ஒரு தூசியைக்கூட நகர்த்தாது" என்றாள். "சைட் தள்ளியிருக்கு. நான் பாக்கல. அத்தானே போகட்டும்."

சொல்லிவிட்டுத் தாளைக் கிழித்தாள். படியேறும்போது, இதைச் சொன்னதற்காகத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தெருமுனை திரும்புவதற்குள் அந்தப் பெருமை போய்விட்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு அழுதாள். அக்கா போன் செய்து, "இப்போ திருப்தியா?" என்று கேட்டுவிட்டு, அவள் அழுகிற சத்தத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டாள்.

போட்டி நடந்த ஞாயிறு காலை அவள் நிலவறைக்குப் போனாள். சாவி அவளிடம் இருந்தது. மற்ற எல்லாரும் செயலாளர் தலைமையில் ஒரு வண்டி பிடித்து அத்தானுக்குக் கைதட்டப் போயிருந்தார்கள். பெட்டிகளுக்கு அடியில் கிடந்த பஞ்சு மெத்தையை இழுத்துப் போட்டுப் படுத்தாள். சைட்டை ஐந்து க்ளிக் இடது பக்கம் திருகினாள். இருபது குண்டு சுட்டாள். தாளை எடுத்துவந்து ரோஜா நிறக் குச்சியைச் செருகிப் பார்த்தாள். இருபதும் பத்து. எல்லாம் நட்ட நடுவில். இருநூற்றுக்கு இருநூறு, பார்க்க ஆளில்லை.

ஐந்து க்ளிக். சைட்டைத் தொட்டுத் திருக அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பதிமூன்று பேருடைய கோணலையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை என்று நினைக்க நினைக்கத் தன்னையே நாலு அறை அறையலாம் போல இருந்தது.

பிறகு போய் மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டாள். புதுத் தாள் மாட்டினாள். வந்து படுத்தாள். ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் நகர்ந்திருந்தால்கூடப் போதும் என்று இருந்தது. நகர்ந்திருந்தால் அந்த முட்டாள்கள் சொன்னதில் ஏதோ இருக்கிறது, கையெழுத்துப் போட்டிருக்கலாம், தன் குற்றம் பாதிதான். இருபது குண்டும் சுட்டு எடுத்துவந்து, இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக விளக்குக்கு எதிரில் பிடித்தாள். ஓட்டை ஓட்டையோடு பொருந்தியது. மின்விசிறி பற்றி அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பூட்டிவிட்டு மேலே வந்தபோது போன் அடித்தது. அத்தான்.

"பாப்பா, இன்னும் பத்து நிமிஷத்துல என் முறை. பயிற்சிக்குச் சுட விட்டாங்க. காத்துக்கு எத்தனை க்ளிக் வெக்கணும்?" பின்னால் ஏதோ துணி படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவளுக்கு அந்த அட்டவணை மனப்பாடம். இன்ன வேகத்துக்கு இத்தனை க்ளிக். "வேகம் எவ்வளவு?"

"அடிக்குது."

"எவ்வளவு வேகம்னு கேட்டேன் அத்தான். எந்தப் பக்கத்துலேருந்து?"

"அதத்தான் சொல்ல வர்றேன். கிட்ட இருக்கற கொடி வலது பக்கம் ஆடுது. நடுவுல இருக்கற கொடி ஆடவே இல்ல. இலக்குக்குப் பக்கத்துல இருக்கறது இடது பக்கம் ஆடுது. இப்போ மாறிடுச்சு. இல்ல, திரும்பியும் மாறுது. எதைப் பாத்து வெக்கறது?"

அவள் தெருவில் நின்றபடி அட்டவணையை மனதுக்குள் மேலிருந்து கீழாக ஓடவிட்டாள். மூன்று கொடிகளும் மூன்று விதமாக ஆடுவதற்கு அதில் வரி இல்லை. ஆறு வருடத்தில் அவள் ஒரு கொடியைக்கூடப் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியல அத்தான்" என்றாள்.

அவள் வாயிலிருந்து அவர் அதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"சரி விடு. நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு சொல்லணும் உனக்கு. இங்க பக்கத்துலயே ஒரு திரை வெச்சிருக்காங்க, குண்டு விழுந்த இடம் அதுல தெரியும். மொதல் குண்டு சுட்டேன். ஒண்ணுமே தெரியல. துப்பாக்கி கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, பொட்டு வருது. அது இன்னும் போயிட்டே இருந்திருக்கு பாப்பா. நான் சுட்டு முடிச்சுட்டேன், அது போயிட்டே இருக்கு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். துணி படபடக்கும் சத்தம் போனில் பெரிதாகக் கேட்டது.

"எவ்வளவு நேரம்?" என்றாள் கடைசியில்.

"எண்ணலையே. எண்ணிச் சொல்லட்டா?"

"எண்ணிச் சொல்லுங்க அத்தான்" என்றாள்.